குழாயா கம்பியா

பஸ்மியா: …அப்பிடி அவசரப்பட்டா ஏலாது ராத்தா. முதல்ல இருந்துதான் சொல்லுவன்.

அசனா: எனக்கு ஒரு சொல்லுத்தான் வேணும் புள்ள. உங்கட றிஷானா எங்கட தம்பிக்கு ஓமா, இல்லையா? மிச்சக் கதையை வீட்ட போய் ஆறுதலாக் கேக்கிறன்.

பஸ்மியா: வேனுக்குள்ள அவர் ஒண்டும் சொல்லல்லையா?

அசனா: வாயைத் திறந்தாத்தானே. உங்கட கேற்றால வெளிய வந்தவன், முன் சீற்றுல ஏறிக் கண்ணாடியை உசத்திட்டு இருக்கான். பொம்பிளை என்ன சொன்னவ மகன் எண்டு உம்மா ரெண்டு தரம் கேட்டுட்டா. நல்லாக் கதைச்சம் எண்டான். எதைப் பத்தி எண்டா, கேஸ் கொண்டுபோற குழாயைப் பத்தியாம். அப்ப இருந்து உம்மா, அவங்கட வீட்ட இன்னும் விறகடுப்பா எண்டு எல்லாரையும் கேட்டுக்கொண்டு இருக்கா.

பஸ்மியா: அல்லாஹ்வே… இப்ப எங்க நிக்கிறீங்க?

அசனா: கங்கை ஆத்துப் பாலத்தடியில. உம்மாக்குத் தலை சுத்துது எண்டு வேனை நிப்பாட்டினது. நான் இறங்கிக் கொஞ்சம் தள்ளி நிண்டுதான் உங்களுக்குப் போன் எடுக்கிறன்.

பஸ்மியா: மாமிக்கு இப்ப எப்பிடி?

அசனா: ஆருக்கு? ஓ… உம்மாக்கு. சுகம், சுகம். வறுத்த கச்சான் கடலை சாப்பிடுறா.

பஸ்மியா: தலை சுத்துறவ கச்சான் சாப்பிடுறாவா?

அசனா: வாயில ஏதும் கிடந்தா நிக்குமாம். நீங்க கதையை மாத்தாதீங்க பஸ்மியா. ரெண்டு பேரும் அறைக்குள்ள கதைக்கேக்க பக்கத்துல இருந்தது நீங்க ஒராள்தான். றிஷானாட வாப்பா, உங்கட மாமா, எங்களிட்ட என்ன சொன்னவர்? அசர் பாங்குக்கு முன்னம் பதில் சொல்லுவம் எண்டவர். பாங்கும் சொல்லி, தொழுகையும் முடிஞ்சு, ரோல்ஸும் வட்டிலப்பமும் தந்து எங்களை ஏத்தி அனுப்பியாச்சு. பதில் எங்க?

பஸ்மியா: அதுக்குத்தானே வாறன். கொஞ்சம் பொறுங்க… பின்பக்கம் ஒருக்காப் பாத்திட்டு வாறன்.

அசனா: என்ன அங்க?

பஸ்மியா: பூனை. குசினிக்குள்ள வரப் பாக்குது… சரி, போயிட்டு. எங்க விட்டன்?

அசனா: நீங்க இன்னும் தொடங்கவே இல்ல.

பஸ்மியா: ஓம் என்ன. கேளுங்க. முன் அறை, கதவு நல்லாத் திறந்து கிடக்கு. சோபாவில உங்கட தம்பி, எதிர்ல றிஷானா. மூலைக் கதிரையில நான். அண்ணன் பொஞ்சாதி எண்டு என்னைத்தானே காவலுக்கு வைக்கிறது. மாமி எனக்கு வடிவாச் சொல்லித் தந்து விட்டவ. கால் மணித்தியாலம். கதை கூடிப் போனா இருமணும். நான் இருமினா றிஷானா எழும்பி உள்ளுக்கு வரணும்.

அசனா: இருமினீங்களா?

பஸ்மியா: தொண்டை கிழிய. உங்கட தம்பி பொக்கற்றுக்குள்ள கையை விட்டு எனக்கு ஒரு இனிப்பு எடுத்துத் தந்தார். பாவம் மச்சி, தூசு ஒத்துக்கொள்ளாது போல எண்டு.

அசனா: அவன் அப்பிடித்தான். சின்னனில இருந்தே ஊர்ல ஆருக்குத் தும்மல் வந்தாலும் இவன் மருந்து தேடுவான்… சரி. முதல்ல ஆரு கதைச்சது?

பஸ்மியா: அவர் சலாம் சொன்னார். இவ பதில் சொன்னா. அதோட ரெண்டு பேரும் நிலத்தைப் பாக்கத் தொடங்கினாங்க. எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு. சரி, நானாவது ஊரு பேரு கேப்பம் எண்டு வாயெடுக்கிறன், இவ தலையை நிமித்தினா. முதல் கேள்வி என்ன தெரியுமா ராத்தா? "அந்த ரெண்டாவது கம்பி எதுக்கு?"

அசனா: என்ன கம்பி?

பஸ்மியா: நானும் அப்பிடித்தான் முழிச்சன். அவர் முழிக்கல்ல. கேட்ட உடனே நிமிர்ந்து இருந்தார். அந்தக் கேள்விக்குத்தான் கொழும்பில இருந்து வந்தவர் மாதிரி.

அசனா: ரெண்டு பேரும் ஒரே ஆய்வில வேலை எண்டது தெரியும். அதுக்குள்ள என்ன நடக்குது எண்டு இவன் ஒழுங்காச் சொன்னதில்ல.

பஸ்மியா: எனக்கும் இண்டைக்குத்தான் விளங்கினது. இப்பிடி வையுங்க. கேஸ் கப்பல்ல எங்கட துறைமுகத்துக்கு வருது. அதைக் குழாயில போட்டுக் கொழும்புப் பக்கம் அனுப்பி, அங்க எரிச்சுக் கரண்ட் எடுக்கிறது மலிவா? இல்லாட்டி இஞ்சயே எரிச்சுக் கரண்டாக்கி, அதைக் கம்பியில அனுப்பினா மலிவா? இதுதான் கேள்வி. குழாய்க் கணக்கு உங்கட தம்பிட. கம்பிக் கணக்கு எங்கட றிஷானாட.

அசனா: அவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு வருசம்?

பஸ்மியா: அவ்வளவு இல்ல. அவர்ட கணக்கை இவ பாத்துப் பிழை பிடிக்கணும். இவட கணக்கை அவர் பாக்கணும். சோமசேகரம் சேர் போட்ட ஒழுங்கு, அவர்தான் ரெண்டு பேருக்கும் மேல. போட்டிக்காரனை விட ஆரு நல்லாப் பிழை பிடிக்கிறது எண்டு. முகம் பாத்துக் கதைச்சதே இல்லையாம். ஒரு வருசமா மெயில்ல சண்டை.

அசனா: சண்டையா? வீட்ட வந்தா அவன் "திருகோணமலை மிஸ் இப்பிடிச் சொன்னா, திருகோணமலை மிஸ் அப்பிடி எழுதினா" எண்டுதான் சொல்லுவான். நான் நினைச்சன் ஐம்பது வயசு மனிசி எண்டு.

பஸ்மியா: இவக்கு அவர் "கொழும்பு ஆள்". கொழும்பு ஆள் திரும்பவும் திருப்பி அனுப்பிட்டார் எண்டு சொல்லித்தான் சோறு சாப்பிட உக்காருவா.

அசனா: சரி, அந்த ரெண்டாவது கம்பி…

பஸ்மியா: அவர் சொல்லியிருக்கார், ஒரு வரிசைக் கோபுரம் போதாது, புயல் கியல் வந்து விழுந்தா நாடே இருட்டு, அதால பக்கத்துல இன்னொரு வரிசை நிக்கணும் எண்டு. அந்தச் செலவும் கம்பிட தலையில. பொறகு, வழியில கம்பி சூடாகிக் கொஞ்சம் கரண்ட் வீணாகும் தானே, அதையும் வெய்யில் காலக் கணக்குக்குக் கூட்டிப் போடச் சொல்லியிருக்கார். எல்லாத்தையும் போட்டா கம்பி விலை ஏறிப் போச்சு. குழாய் மலிவாயிட்டு.

அசனா: அவ விட்டுக் குடுத்தாவா?

பஸ்மியா: அங்கதான் கதை. எல்லாத்துக்கும் ஓம் எண்டு போட்டிருக்கா. ஒரு சொல்லு மறுத்துப் பேசல்ல. இண்டைக்கு முகத்துக்கு நேரதான் கேட்டா. "புயலுக்கு எண்டு கம்பியை ரெண்டாக்கினீங்க. குழாய்க்கு மட்டும் ஒண்டு போதுமா? ஆத்து வெள்ளம் வந்து குழாயை அறுக்காதா?"

அசனா: அதுக்கு அவன்?

பஸ்மியா: பதிலுக்குத் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். "என்ட குழாய் ராவும் பகலும் நிறைஞ்சு ஓடும் எண்டு போட்டிருந்தன். அதை ஏன் விட்டீங்க?"

அசனா: ஓடாதா?

பஸ்மியா: எப்பிடி ஓடும்? ரா ரெண்டு மணிக்கு ஆருக்கு அவ்வளவு கரண்ட்? குழாய் எண்டது பஸ் மாதிரியாம் ராத்தா. ஆக்கள் நிரம்பி ஓடினா ஒராளுக்கு விழுற செலவு கொஞ்சம். மூண்டு பேரை ஏத்திக்கொண்டு மூதூருக்கு ஓடினா டிரைவர்ட சம்பளம் ஆருட தலையில? அரைக் குழாய் ஓடினா அந்த மலிவு எல்லாம் போயிடும். அது அவருக்கும் தெரியும். பிழை பிடிப்பா எண்டு வேணுமெண்டே போட்டு வச்சாராம். இவ பிடிக்கல்ல.

அசனா: தெரியாமலா?

பஸ்மியா: இவக்கா? முதல் நாளே தெரியுமாம். இன்னொண்டும் சொன்னாங்க, எனக்கு அதுதான் புதினம். கேஸை எரிச்சாக் கரண்டா வாறது பாதிதானாம். மிச்சம் சூடாப் போயிடும். அப்ப ஒரு பங்கு கரண்டுக்கு ரெண்டு பங்கு கேஸைக் குழாயில ஏத்தி அனுப்பணும். குழாய்க் கூலியையும் கம்பிக் கூலியையும் அப்பிடியே பக்கத்துல வச்சுப் பாக்க ஏலாது, குழாயை ரெண்டால பெருக்கிப்போட்டுத்தான் பாக்கணும். உங்கட தம்பி அதை மட்டும் ஒழுங்காச் செய்திருக்கார்.

அசனா: அப்ப கேஸை எரிக்காம அப்பிடியே குசினிக்குத் தந்தா என்ன? நமக்குச் சமைக்கத்தானே.

பஸ்மியா: நானும் அதைத்தான் கேட்டன். காவலுக்கு வந்தவள், நானும் உள்ளுக்கு இறங்கிட்டன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என்னைப் பாத்து, அப்பிடியெண்டாக் குழாய்தான் மச்சி, எண்டாங்க. நெருப்பு வேணுமெண்ட இடத்துக்குக் கேஸ் போகணும், வெளிச்சம் வேணுமெண்ட இடத்துக்குக் கம்பி போகணும். பெரிய தூரம், பெரிய அளவு எண்டாலும் குழாய் வெல்லும். நம்மட நாட்டுத் தூரத்துக்கும் நம்மட தேவைக்கும் கம்பிக்கு நல்ல இடம் இருக்கு. அதுல ரெண்டு பேருக்கும் ஒரு சண்டையும் இல்ல.

அசனா: சண்டை இல்லாட்டி பொறகு ஏன் அந்தச் சத்தம்? நாங்க முன் விறாந்தையில இருந்து கேட்டனாங்க. "ஏன் விட்டீங்க" எண்டு இவன் கத்தினது வாப்பாக்கும் கேட்டது. வாப்பா தொப்பியைக் கழட்டித் திரும்பப் போட்டார்.

பஸ்மியா: எங்கட மாமாவும் அப்பிடித்தான். ஜன்னலால ரெண்டு தரம் தலையை நீட்டிட்டார். நான் இருமுறன், ஆரு கேக்கிறா? அந்த இனிப்பும் வாய்க்குள்ள கரையாமக் கிடக்கு.

அசனா: பஸ்மியா, என்ட பொறுமையைச் சோதிக்காதீங்க. அவன் ஏன் கத்தினவன்?

பஸ்மியா: தம்பி இப்ப என்ன செய்யிறார்?

அசனா: ஆரு? அவனா… போன்ல.

பஸ்மியா: ஆரோட?

அசனா: ஒஃபீஸ் ஆக்களாம்.

பஸ்மியா: ஞாயித்துக்கிழமையிலயா?

அசனா: பெரிய ஒஃபீஸ் தானே… நீங்க சொல்லுங்க. பூனை திரும்ப வந்திடும்.

பஸ்மியா: ம்… சொல்றன். இதுக்குள்ள இன்னொரு விசயம் இருக்கு ராத்தா, உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நம்மட பக்கம் மாப்பிள்ளைதானே பொம்பிளை வீட்டுக்கு வாறது. றிஷானாக்கு வீடு இஞ்ச, வேலை இஞ்ச, மாமாட நெஞ்சு வருத்தமும் இஞ்ச. முன்னம் வந்த சம்பந்தம் எல்லாம் கட்டார்க்கு வா, வேலையை விடு எண்டு கேட்டுத்தான் குழம்பினது. கம்பி வெல்லுது எண்டா கேஸ் எரிக்கிற நிலையம் இஞ்ச துறைமுகத்தடியில வரும். உங்கட தம்பி மாதிரி ஆளுக்கு இஞ்சயே வேலை இருக்கும். குழாய் வெண்டா எல்லாம் கொழும்புப் பக்கம். அவர் வாரத்துக்கு ஒருக்கா பஸ்ல வந்து போற மாப்பிள்ளை.

அசனா: அப்ப கம்பி வெல்லணும் எண்டுதானே ரெண்டு பேரும் நினைச்சிருக்கணும்.

பஸ்மியா: நினைச்சவங்கதான். அதுதான் வில்லங்கம். இந்தச் சம்பந்தம் எங்கட வீட்டுக்கு வந்தது எப்ப?

அசனா: ஹஜ் பெருநாள் முடிஞ்ச கையோட.

பஸ்மியா: அவர் ரெண்டாவது கம்பி கேட்டதும் அதுக்குப் பிறகுதான். இவ குழாயைக் கண்டும் காணாம விட்டதும் அதுக்குப் பிறகுதான். இவ கேட்டா, நான் அப்பிடியே சொல்றன் ராத்தா, "நீங்க கம்பியை இப்பிடி இறுக்கினதைப் பாத்து, இஞ்ச வர விருப்பமில்லாத ஆள் எண்டு நினைச்சன். விருப்பமில்லாட்டி ஏன் ஆக்களை அனுப்பினீங்க?"

அசனா: அல்லாஹ்… என்ன சொன்னவன்?

பஸ்மியா: மெதுவாத்தான் சொன்னார். "விருப்பம் எண்டபடியாத்தான் இறுக்கினனான். கம்பி வெல்லணும் எண்டு ராவு பகலா ஆசைப்பட்டன். ஆசைப்படுறவன் நியாயமாப் பாப்பானா எண்டு எனக்கே என்னில நம்பிக்கை இல்ல. அதுதான் வேற எவனும் கேக்காத கேள்வியையும் கேட்டன்."

அசனா: …

பஸ்மியா: ராத்தா? லைன்ல நிக்கிறீங்களா?

அசனா: நிக்கிறன். கண்ணுக்குள்ள தூசு. பாலத்துல காத்து. நீங்க சொல்லுங்க.

பஸ்மியா: எங்கட ஆள் அப்பதான் சிரிச்சா. முகத்தைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. "நானும் அதுக்குத்தான் குழாயை விட்டன். கொழும்பு ஆளுக்கு நான் பிழை பிடிச்சா, மாப்பிள்ளையை இஞ்ச இழுக்கப் பிடிச்ச பிழை எண்டு எனக்கே தோணினது" எண்டா. விளங்குதா ராத்தா? ஊர்ல எல்லாரும் தங்கட பக்கம் கணக்கைச் சாய்க்கிறவங்க. இது ரெண்டும் தங்கட பக்கத்தை வெட்டி வெட்டி, நேர்மையா இருக்கிறம் எண்டு நினைச்சு, கணக்கை மற்றப் பக்கம் சாய்ச்சு வச்சிருக்குதுகள்.

அசனா: ரெண்டும் ஒரே அச்சு.

பஸ்மியா: குழாய் மலிவு எண்டு வந்த அறிக்கை, நியாயம் பாத்த ரெண்டு பேர்ட பிழை. அப்பதான் அவர் கத்தினது. "ஏன் விட்டீங்க? நீங்க பிடிப்பீங்க எண்டுதானே நான் போட்டன்." கோபம் இவவில இல்ல ராத்தா. அவருக்குத் தன்னிலதான் கோபம்.

அசனா: பொறகு?

பஸ்மியா: பொறகுதான் இவ ஒரு குண்டைப் போட்டா. "இனி அதைப் பத்திக் கதைச்சு வேலையில்ல. நான் வியாழக்கிழமை சேர்ட வீட்ட போய் இந்த ஆய்வில இருந்து விலகிறன் எண்டு சொல்லிட்டன்" எண்டா. எனக்கே தெரியாது. மாமாக்கும் தெரியாது. ரெண்டு வருச வேலை ராத்தா. இந்த ஆய்வோட இவட இடமும் போயிடும்.

அசனா: ஏன்? என்னத்துக்கு?

பஸ்மியா: இண்டைக்கு ஓம் எண்டாலும் இல்ல எண்டாலும் அது சுத்தமான பதிலா இருக்கணுமாம். ஓம் எண்டா, மாப்பிள்ளைக்காக அவர்ட குழாயை விட்டவ எண்டு ஊர் சொல்லும். இல்ல எண்டா, குழாய்க்காக மாப்பிள்ளையை விட்டவ எண்டு இவட மனசு சொல்லும். அதால முதல்ல வேலையை விட்டுட்டாவாம்.

அசனா: பைத்தியக்காரப் புள்ள.

பஸ்மியா: நில்லுங்க. உங்கட தம்பி இண்டைக்கு ஏன் பிந்தினவர்?

அசனா: அன்புவழிபுரத்துல ஒரு அலுவல் எண்டவன். கொழும்பு பஸ்ல இருந்து இறங்கி அங்க போயிட்டுத்தான் உங்கட வீட்ட வந்தவன். என்ன அலுவல் எண்டு சொல்லல்ல.

பஸ்மியா: சோமசேகரம் சேர்ட வீடு எங்க?

அசனா: …அன்புவழிபுரத்துல.

பஸ்மியா: ஓம்.

அசனா: இவனுமா?

பஸ்மியா: இவரும்தான். "நானும் காலமை போய் விலகிட்டுத்தான் வாறன்" எண்டார். அதே காரணம், ஒரு சொல்லு மாறாம. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு இருக்குதுகள். கலியாணமே பேசி முடியல்ல, அதுக்குள்ள பொம்பிளைக்கும் வேலையில்ல, மாப்பிள்ளைக்கும் வேலையில்ல.

அசனா: சேர் ஒண்டும் சொல்லல்லையா இவனுக்கு?

பஸ்மியா: சிரிச்சாராம். கண்ணீர் வரச் சிரிச்சாராம். சேர்ட மனிசி அன்னலட்சுமி மாமி உள்ளுக்க இருந்து ஓடி வந்து முதுகில தட்டினவவாம். ஏன் சிரிக்கிறார் எண்டு விளங்காம உங்கட தம்பி தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பி வந்திட்டார்.

அசனா: பதில்? பதிலைச் சொல்லுங்க புள்ள.

பஸ்மியா: அதுக்குள்ள பாங்கு சொல்லிட்டு. மாமா கதவடியில வந்து நிண்டார். அவர் எழும்பினார். இவவும் எழும்பினா. ஓம் எண்டும் இல்ல, இல்ல எண்டும் இல்ல. சலாம் சொல்லிப் பிரிஞ்சிட்டாங்க.

அசனா: அப்பிடியே?

பஸ்மியா: அப்பிடியே. நீங்க எல்லாம் வேன்ல ஏறினீங்க. இவ நேரக் குசினிக்குள்ள வந்து சேருக்குப் போன் எடுத்தா. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கதைச்சா, நானும் கேட்டன். "சேர், காலமை ஒராள் வந்தவராமே" எண்டா. அந்த மனிசன் திரும்பவும் சிரிக்கத் தொடங்கிட்டார்.

அசனா: எங்கட ரெண்டு வீட்டுக்கும் நெஞ்சு அடைக்குது, அந்தாளுக்குச் சிரிப்பு.

பஸ்மியா: கேளுங்க. அவர் சொன்னார், "பிள்ளை, நீங்கள் வியாழக்கிழமை காரணம் சொல்லாமல் விலகிறன் எண்டீங்கள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. தம்பி இண்டைக்கு வந்து காரணத்தையும் சொன்னவர். அப்பதான் ரெண்டையும் சேத்துப் பாத்தன். களவாக் கூட்டிப் போடுற ஆக்களைப் பிடிக்க எனக்குத் தெரியும். தங்கட பக்கத்தைத் தாங்களே வெட்டுற ரெண்டு பேரை வச்சு நான் என்ன செய்யிறது?"

அசனா: அதுக்கு என்ன செய்தவர்?

பஸ்மியா: ரெண்டு பேரையும் விடல்ல. சரி பாக்கிற வேலையை மட்டும் எடுத்திட்டார். மட்டக்களப்புல லோஜினி எண்டு ஒரு மிஸ் இருக்கிறாவாம், குழாயும் அவக்கு ஒண்டுதான், கம்பியும் அவக்கு ஒண்டுதான். ரெண்டு கணக்கையும் இனி அவ பாப்பா. ரெண்டாவது கம்பி வேணுமா, குழாய் நிறையுமா எண்டது எல்லாம் அவட முடிவு. உங்கட உங்கட கணக்கை நீங்கள் செய்யுங்கோ, மற்ற ஆளிட கணக்கில கை வைக்காதேங்கோ எண்டார். அதோட, "எனக்கும் மனிசிக்கும் ஒரு சாப்பாட்டு அழைப்பு வருமா?" எண்டும் கேட்டார்.

அசனா: அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்… அப்பாடா. எனக்கு இப்பதான் மூச்சு வருது புள்ள. அவனுக்கு ஒண்டு சரி வரணும் எண்டு நான் எத்தினை நோன்பு நோற்றிருப்பன்.

பஸ்மியா: இவக்கும் அப்பிடித்தான். போனை வச்சிட்டு அடுப்படியில குந்திக்கொண்டு அழுதா. சந்தோசத்துல அழுறவவைப் பாத்து நானும் அழுது, மாமி வந்து ரெண்டு பேருக்கும் ஏசினா. கோப்பை எல்லாம் கழுவாமக் கிடக்குது, இதுகள் இஞ்ச அழுதுகொண்டு இருக்குதுகள் எண்டு.

அசனா: அப்ப ஓம்தானே?

பஸ்மியா: அது… எனக்குத் தெரியாது.

அசனா: தெரியாதா?

பஸ்மியா: நான் ஓம் எண்டு சொல்லல்லையே.

அசனா: பதில் தெரியாமலா இவ்வளவு நேரம் முதல்ல இருந்து எண்டு என்னை இழுத்தீங்க? கம்பி எண்டீங்க, குழாய் எண்டீங்க, மூதூர் பஸ் எண்டீங்க… பஸ்மியா, உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பூனை இன்னும் நிக்குதா?

பஸ்மியா: நீங்க முதல்ல சொல்லுங்க. கச்சான் சாப்பிடுற மாமிக்கு உண்மையில தலை சுத்தினதா?

அசனா: …நான்தான் முதல்ல கேட்டன்.

பஸ்மியா: சரி ராத்தா, ஏசாதீங்க. பூனை இல்ல. கிணத்தடியில இருக்கிறது எங்கட றிஷானா. சேரோட கதைச்சு, அழுதும் முடிஞ்ச கையோட உங்கட தம்பிக்கு எடுத்தா, இவ்வளவு நேரமும் அவரோடதான் கதைச்சுக்கொண்டு இருக்கிறா. பதிலை முதல்ல அவருக்குத்தான் சொல்லணுமாம், மாமா வழியா இல்ல, பெரியாக்கள் வழியா இல்ல. "அவங்கட ராத்தா கட்டாயம் எடுப்பா மச்சி, நான் முடிக்கும் மட்டும் அவவை எப்பிடியும் பிடிச்சு வைங்க" எண்டு சொல்லிட்டுத்தான் பின்னுக்குப் போனவ. அதுதான் முதல்ல இருந்து சொன்னனான்… இப்ப போனை வச்சிட்டா. முந்தானையால முகத்தைத் துடைக்கிறா. என்னைப் பாத்து… ராத்தா, தலையை ஆட்டுறா. ஓம் எண்டு ஆட்டுறா.

அசனா: தெரியும் புள்ள, இஞ்ச ஒருத்தன் வேன் கதவைத் திறந்துபோட்டு, செருப்பையும் விட்டுட்டு, பாலத்தால என்னட்ட ஓடி வாறான்… உங்கட கேற்றடியிலயே எனக்குக் காதுக்குள்ள சொன்னவன், "ராத்தா, அவ எடுப்பா, எடுக்காம இருக்க மாட்டா, கங்கையைத் தாண்டினா சிக்னல் இல்ல. உம்மாக்குக் கச்சானை வாங்கிக் குடுத்து, தலை சுத்துது எண்டு சொல்லி வேனை நிப்பாட்டுங்க, இடையில வந்து குழப்பாம, நான் கதைச்சு முடிக்கும் மட்டும் அவங்கட மச்சியை எப்பிடியும் பிடிச்சு வைங்க" எண்டு.